கனடாவுக்குப் புதுசா வந்தனீங்களோ? பொலிஸின்ர விதியளை ஒருக்கா வாசிச்சு வையுங்கோ

வந்த முதல் வின்ரர் நடந்ததில இருந்து தொடங்கிறன். இரவு வேலை முடிஞ்சு வரேக்க பின்னால சிவப்பு நீல லைட் அடிச்சுது, நானும் காரை ஓரங்கட்டிப்போட்டு ஊர்ப் பழக்கத்தில டக்கெண்டு இறங்கி, இறங்கிப் போறதுதான் மரியாதை எண்டு நினைச்சு, இன்சூரன்ஸ் கடுதாசியும் கையுமா அவரிட்ட நடந்தன். "காருக்குள்ள போ" எண்டு அவர் போட்ட சத்தத்தில கால் ரெண்டும் நடுங்கிப்போச்சு. விசயம் பின் லைட் ஒண்டு எரியேல்லை, அவ்வளவுதான். இங்க நிப்பாட்டினா காருக்குள்ளயே இருக்கவேணும், கை ரெண்டும் ஸ்ரேறிங்கில, கேட்டாப் பிறகுதான் லைசன்ஸ், ஓனர்ஷிப் (காரின்ர பதிவுப் பத்திரம்), இன்சூரன்ஸ் மூண்டையும் எடுக்கிறது. இந்த மூண்டும் ஓட்டுறவர் கட்டாயம் காட்டவேண்டியது. கூட இருந்து வாற ஆக்கள் பொதுவா பெயர் விவரம் குடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை, பெல்ற் போடாமல் இருந்தா அது வேற கதை.

ஊரில ஆமியின்ர சென்றியிலயும் (காவலரண்) ரவுண்டப்பிலயும் (சுற்றிவளைப்பு) வளந்த எங்களுக்கு பொலிஸ் எப்பிடி நடக்கவேணும் எண்டு எழுதி வச்சிருக்கிறதைக் காட்டுங்கோ எண்டு கேக்கிற எண்ணமே வராது. ஆனா இங்க அது திறந்து கிடக்கு. ரொறன்ரோ பொலிஸ் பொதுமக்களோட நேரடியாப் புழங்கிற விசயங்களுக்கான புறொசீஜர்களை (செய்முறை விதியளை)த் தங்கட வெப்சைற்றில போட்டிருக்கினம், கைது செய்யிறது, உடம்பைச் சோதிக்கிறது, பலம் பாவிக்கிறது, பொலிஸ் உடம்பில மாட்டிற கமெரா எல்லாம் அதில இருக்கு. இது சும்மா கிடைச்சதில்லை. 2020இல பொலிஸின்ர இனவெறிக்கு எதிராச் சனம் றோட்டில இறங்கினாப் பிறகு அந்த வருசம் ஓகஸ்டில பொலிஸ் போர்ட் 81 முடிவுகள் எடுத்தது, இப்பிடிப் பகிரங்கமாப் போடவேணும் எண்டதும் அதில ஒண்டு. போர்ட் எண்டது பொலிஸ்காரர் இல்லை, பொலிஸுக்கு மேல இருக்கிற சிவிலியன் சபை. பொலிசி போடுறது போர்ட், அதை எப்பிடிச் செய்யிறது எண்டு புறொசீஜர் எழுதிறது பொலிஸின்ர சீஃப். தேடேக்க ரெண்டையும் பாக்கவேணும், ஒண்டை மட்டும் வாசிச்சா பாதிதான் விளங்கும்.

முதல்ல உங்கட இடத்துப் பொலிஸ் ஆர் எண்டு தெரிஞ்சு வையுங்கோ. ஸ்காபரோ எண்டா ரொறன்ரோ பொலிஸ், ஸ்ரீல்ஸ் றோட்டைத் தாண்டி மார்க்கத்துக்க போனா யோர்க், பிரம்ரனும் மிசிசாகாவும் பீல், ஏஜக்ஸ் பிக்கறிங் டுறம், 401இல ஓடேக்க பிடிச்சா அனேகமா ஓ.பி.பி, அதாவது ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ். ஒவ்வொருத்தருக்கும் புறொசீஜர் வேற வேற, ஆனா மேல இருக்கிற சட்டம் ஒன்ராறியோ மாகாணம் முழுக்க ஒண்டு, 2024 ஏப்பிரல் 1இல இருந்து புதுப் பொலிஸ் சட்டம் நடைமுறையில இருக்கு.

றோட்டில நடந்து போற பொடியனைக் காரணம் ஒண்டும் இல்லாமல் மறிச்சு பெயர் விலாசம் எழுதிறதை இங்க கார்டிங் எண்டு சொல்லுவினம், கறுப்பினப் பிள்ளையளும் எங்கட நிறத்துப் பிள்ளையளும்தான் கூட அகப்பட்டது. 2017 ஜனவரியில இருந்து அதுக்கு விதி வந்திட்டுது. அப்பிடி விவரம் கேட்டா ஏன் கேக்கினம் எண்டும், குடுக்கவேண்டிய கட்டாயமில்லை எண்டும் அவையே சொல்லவேணும், தங்கட பெயர், பாட்ஜ் நம்பர் போட்ட துண்டு ஒண்டும் தரவேணும். வாகனம் மறிக்கிறதுக்கும் கைதுக்கும், நடந்த ஒரு குற்றத்தில உங்களைச் சந்தேகப்படேக்கையும் இந்த விதி வராது. என்ன நடந்தாலும் பொய்ப் பெயர் சொல்லாதேங்கோ, ஓடாதேங்கோ. "நான் போகலாமோ?" எண்டு அமைதியாக் கேளுங்கோ. இல்லை எண்டா ஏன் எண்டு கேக்கலாம், லோயரோட கதைக்கவேணும் எண்டும் சொல்லலாம், ரெண்டும் கனடாவின்ர உரிமைச் சாசனத்தில இருக்கிற உரிமை.

இனி மனசுக்குக் கிட்டின விசயம். 2010இல சன் சீ எண்ட கப்பலில எங்கட சனம் 492 பேர் அகதியளாக் கனடாவுக்கு வந்தவை. அதில வந்த ஒருத்தர், அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர், பிறகு ரொறன்ரோவில ஒரு தொடர் கொலைகாரனிட்ட அகப்பட்டுச் செத்துப்போனார். காணேல்லை எண்டு பொலிஸில ஒருத்தரும் சொல்லவேயில்லை. நாடுகடத்திப்போடுவாங்கள் எண்டு ஒளிச்சிருக்கிறாராக்கும் எண்டு சொந்தக்காரர் நினைச்சுக்கொண்டிருந்தவை. இதை நினைக்கிற நேரமெல்லாம் தொண்டை அடைக்கும். காணாமல் போன ஆக்களைத் தேடுற முறையைப் பற்றி ஒரு முன்னாள் நீதிபதி விசாரிச்சு 2021 ஏப்பிரலில 151 பரிந்துரை எழுதினவா, அதையும் ஆரும் வாசிக்கலாம். ரொறன்ரோ போர்டுக்கு 2006இல இருந்து ஒரு பொலிசியும் இருக்கு, பாதிக்கப்பட்டவையிட்டயோ சாட்சியிட்டயோ தகுந்த காரணம் இல்லாமல் குடிவரவு நிலையைக் கேக்கக்கூடாது எண்டு. "தகுந்த காரணம்" எண்ட சொல்லில ஓட்டை இருக்கு, அதால நிலை உறுதியில்லாத ஆக்கள் அவசரம் இல்லாத விசயம் எண்டா முதல்ல சமூக சட்ட கிளினிக்கில கேட்டுப்போட்டுப் போங்கோ, அங்க காசு கட்டத் தேவையில்லை. உயிருக்கு ஆபத்து எண்டா ஒண்டும் யோசிக்காமல் 911. தமிழ் எண்டு ஆங்கிலத்தில சொன்னாக் காணும், மொழிபெயர்ப்பாளரை லைனில எடுப்பினம்.

ஒரு பொலிஸ்காரர் மோசமா நடந்தா லீக்கா (LECA) எண்ட, பொலிஸ் மேல முறைப்பாடு எடுக்கிற சுயாதீன இடத்தில முறைப்பாடு குடுக்கலாம், ஸ்டேசனுக்குப் போய் அவையின்ர முகத்தில முழிக்கத் தேவையில்லை. ஆள் செத்தாலோ பெரிய காயம் எண்டாலோ எஸ்.ஐ.யு (SIU) எண்ட சுயாதீன விசாரணைப் பிரிவு விசாரிக்கும். ஆளில பிழை இல்லை, விதியே பிழை எண்டா அதுக்கு மாகாணத்தில பொலிஸைக் கண்காணிக்கிற இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஒருத்தர் இருக்கிறார். ஆரிட்டப் போனாலும் வீட்ட வந்த உடன திகதி, நேரம், இடம், பாட்ஜ் நம்பர், கார் நம்பர், சொன்ன வசனம் எல்லாத்தையும் தமிழிலயே எழுதி வையுங்கோ, ரெண்டு நாள் போனா மறந்துபோம்.

வெப்சைற்றில இல்லாததையும் கேக்கலாம், தகவல் பெறுற உரிமைச் சட்டத்தில 5 டொலர் கட்டி எழுத்தில விண்ணப்பிக்கிறது. "இந்த விசயத்துக்கான புறொசீஜர், இந்தத் திகதியில நடைமுறையில இருந்த பிரதி" எண்டு குறிப்பாக் கேளுங்கோ, பொதுவாக் கேட்டா இழுபடும். தந்த பிரதியில கறுப்பு அடிச்சிருந்தாலோ தரமாட்டம் எண்டாலோ தகவல் ஆணையாளரிட்ட அப்பீல் போகலாம், அந்தப் பதில் கடிதத்தை எறிஞ்சுபோடாதேங்கோ, அப்பீலுக்கான நாள் கணக்கு அதில இருக்கும்.