கதைகள்ல திரும்பத் திரும்ப வர்ற விஷயத்த புடிச்சு பேர் வைக்கிறது எப்படி

என்கிட்ட ஒரு பழைய நோட்டு இருக்கு. துப்பறியும் நாவலா படிச்சுத் தள்ளுன காலத்துல, எல்லா கதைலயும் இதே தான வருதுன்னு தோணுறதயெல்லாம் அதுல எழுதி வச்சேன், நாலு பக்கம். மழை. போன். சித்தப்பா. சாவி. பழைய போட்டோ. இப்படியே போகும். ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தா ஒன்னுமே புரியல. என்ன மழை? யாரோட சித்தப்பா? தங்கச்சி வாங்கிப் பாத்துட்டு "என்னக்கா இது, காணாமப் போன சாமான் லிஸ்ட்டா?"ன்னு கேட்டா.

அந்த லிஸ்ட்ட உருப்படியா மாத்த எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. நீங்க அவ்ளோ நாள் எடுத்துக்க வேணாம்னு தான் இத எழுதுறேன். ட்ரோப்னா (கதைகள்ல திரும்பத் திரும்ப வர்ற அமைப்பு) என்ன, க்ளிஷேனா (ரொம்ப புழங்கித் தேஞ்சு போனது) என்னன்னு ஆரம்பத்துலேந்து சொல்லப் போறதில்ல, கதை படிக்கிறவங்களுக்கு அது தானா தெரியும். ஒன்னே ஒன்னு மட்டும். திரும்ப வருதுங்கிறதுனால அது மட்டமானது ஆயிடாது. திட்டுறதுக்காக லிஸ்ட் போட ஆரம்பிச்சீங்கன்னா பாதியிலயே கண்ணு மங்கிடும், புடிச்ச கதைல வர்றது எதுவுமே உங்களுக்குத் தெரியாது.

முதல்ல: எங்க நிறுத்தணும்

படிச்சுட்டே போங்க. அடுத்து என்ன நடக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சு போற இடத்துல பென்சிலால ஒரு சின்ன டிக் போடுங்க, அவ்ளோதான், அங்கயே உக்காந்து யோசிக்காதீங்க. கதைய முடிச்ச அப்புறம் திரும்பி வந்து ஒவ்வொரு டிக்குலயும் ஒரே கேள்வி: இது எனக்கு எப்படி தெரிஞ்சுது?

இந்தக் கதைக்குள்ளயே குறிப்பு குடுத்திருந்தாங்க, அதுனால தெரிஞ்சுதுன்னா அந்த டிக்க அழிச்சிடுங்க, அது அந்த எழுத்தாளர் ஒழுங்கா வேலை பாத்ததோட அடையாளம், நமக்கு வேணாம். கதைக்குள்ள ஒரு குறிப்பும் இல்ல, ஆனாலும் தெரிஞ்சுதுன்னா, அது வேற கதைங்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. நமக்கு வேண்டியது அது தான்.

உதாரணத்துக்கு ஒன்னு பாருங்க. துப்பறியிறவருக்கு ராத்திரி ஒரு போன் வருது. "சார், அன்னைக்கு யார் உள்ள போனான்னு நான் பாத்தேன். போன்ல வேணாம், நேர்ல வாங்க, சொல்றேன்." வச்சாச்சு. இவர் வண்டிய எடுத்துட்டுப் போறதுக்குள்ள அந்த ஆள் செத்துருப்பார்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துல கத்தியும் இல்ல, யாரும் மிரட்டவும் இல்ல. இருந்தாலும் தெரியும்.

ரெண்டாவது: எழுதி வைக்கிறது

ஒரு டிக்குக்கு ஒரு அட்டை. அதுல மூனு வரி: முன்னாடி நிலைமை என்ன, என்ன நடந்துச்சு, பின்னாடி நிலைமை என்ன. கூடவே கதை பேரும் பக்க எண்ணும். சினிமான்னா எத்தனாவது நிமிஷம்னு.

தயவுசெஞ்சு மைண்ட் மேப் ஆப் எதையும் இறக்காதீங்க. நான் மூனு பாத்தேன், மூனுலயும் கோடு இழுத்து கலர் மாத்துறதுலயே சாயங்காலம் போயிடும். கையால எழுதுற அட்டை, அது அம்பது தாண்டுனதும் ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட், போதும். போன் நோட்ஸும் வேணாம், அதுல ஒரு வார்த்தை தட்டிட்டு "அப்புறம் விளக்கமா எழுதிக்கலாம்"னு விட்ருவோம். என் 'சித்தப்பா' அப்படித் தான் ஆனார்.

மூனாவது: அது என்ன வேலை பாக்குதுன்னு கேக்குறது

நான் விழுந்த இடம் இது தான், அதுனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

என் நோட்டுல இருந்த 'மழை'ய எடுத்துக்கலாம். அந்த வார்த்தைய வச்சுட்டு பழைய புத்தகங்கள புரட்டுனப்ப மூனு காட்சி கிடைச்சுது. ஒன்னுல, சண்ட போட்டுப் பிரிஞ்ச ரெண்டு பேர் மழைக்கு ஒரே கூரைக்குக் கீழ ஒதுங்குறாங்க, பேசித் தான் ஆகணும். இன்னொன்னுல, கொலைகாரனோட காலடித்தடம் மழைல கரைஞ்சு போயிடுது. மூனாவதுல சவப்பெட்டிய இறக்குறப்ப சரியா தூற ஆரம்பிக்குது.

மூனுமே மழைன்னு ஒரே கட்டுல போட்டு வச்சிருந்தேன். இப்ப மழைய எடுத்துட்டு வேற எதையாவது வச்சுப் பாருங்க. முதல் காட்சில மழைக்குப் பதிலா லிஃப்ட் நடுவுல நின்னு போகலாம், கடைசி ரயில் போயிருக்கலாம், பனி மூடி ரோடு அடைஞ்சிருக்கலாம், காட்சி அப்படியே நிக்கும். அங்க மழையோட வேலை, எழுந்து போகப் பாக்குற ரெண்டு பேர போக விடாம பண்றது. ரெண்டாவதுல தீ வச்சு ஃபைல எரிக்கலாம், வேலைக்காரர் தெரியாம தரைய துடைச்சிடலாம். அங்க வேலை தடயத்த அழிக்கிறது. மூனாவதுல வேற எது வரலாம்? விளக்கு அணையலாம், நாய் ஊளையிடலாம். சுத்தி இருக்குற உலகமும் சேந்து துக்கப்படுதுன்னு காட்டுறது அதோட வேலை.

ஆக ஒரு பொருள், மூனு வேலை. அதே மாதிரி ஒரு வேலை, நூறு பொருள். நாம பேர் வைக்க வேண்டியது வேலைக்கு, பொருளுக்கு இல்ல. இது புரியாம தான் அந்த நாலு பக்கமும் வீணாச்சு.

ரஷ்யாவுல விளாதிமிர் ப்ராப்னு ஒருத்தர் 1928லயே இத பண்ணிட்டார்னு எனக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது. நூறு மாயாஜாலக் கதைங்கள எடுத்துப் பிரிச்சார். ஒரு கதைல ராஜா ஒரு கழுகு குடுப்பார், கழுகு நாயகன வேற ராஜ்ஜியத்துக்குத் தூக்கிட்டுப் போகும். இன்னொன்னுல ஒரு கிழவர் குதிர குடுப்பார், அது கொண்டு போகும். வேறொன்னுல மந்திரவாதி படகு குடுப்பார். ஆள் மாறுது, பொருள் மாறுது, ஆனா குடுக்குறதும் கொண்டு போறதும் மாறல. அப்படி மாறாத வேலைங்க மொத்தம் 31ன்னு எண்ணினார். எல்லா கதைலயும் 31ம் வராது, வர்றது மட்டும் அதே வரிசைல வரும்னார். வரிசை விஷயம் துப்பறியும் கதைக்கெல்லாம் அப்படியே பொருந்தாது, நான் முயற்சி பண்ணி நேரத்த வீணாக்குனேன். ஆனா பொருள விட்டுட்டு வேலைய பாருங்கிறது எல்லா கதைக்கும் செல்லும்.

நம்ம போன் காட்சிய இதுல போட்டுப் பாருங்க. போனுக்குப் பதிலா பாதி கிழிஞ்ச கடிதம், சாகப் போறவர் வாய்ல பாதில நிக்கிற பேரு, இதுல எது வந்தாலும் அதே வேலை நடக்குது. விடை ஒன்னு இருக்குன்னு நமக்குக் காட்டிட்டு கைக்கு எட்டாம பண்ணிடுறாங்க.

அந்த சித்தப்பா யாருன்னும் ஒரு வழியா கண்டுபிடிச்சேன். முதல் அத்தியாயத்துல காபி குடிச்சுட்டு ஒரு வரி பேசுவார், அப்புறம் ஆளையே காணோம், கடைசில அவர் தான் கொலைகாரன். சில கதைல அவர் டாக்டரா வருவார், சிலதுல தோட்டக்காரர். இது ஏன் இத்தன தடவ வருதுன்னு யோசிச்சா காரணமும் கிடைக்குது. ரொனால்ட் நாக்ஸ்ங்கிற இங்கிலாந்து எழுத்தாளர் 1929ல துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார், அதுல முதல் விதியே குற்றவாளி கதையோட ஆரம்பத்துலயே குறிப்பிடப்பட்டவரா இருக்கணும்ங்கிறது. ஆள முன்னாடியே காட்டியாகணும், ஆனா வாசகன் கவனிக்கவும் கூடாது. இந்த ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யணும்னா கைல ஒரு வேலையும் இல்லாத சித்தப்பா தான் வழி.

நாலாவது: மூனு கதை

ஒரு தடவ வந்தா அது நிகழ்ச்சி. ரெண்டு தடவன்னா தற்செயலா இருக்கலாம். ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாத மூனு பேர் எழுதுன மூனு கதைல அதே வேலை வந்தா தான் நான் ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்துவேன்.

(பின்சேர்க்கை: ஒரே எழுத்தாளரோட மூனு நாவல் கணக்குல வருமான்னு சிலர் கேட்டிருந்தீங்க. வராது, அது அவரோட பழக்கம். ரீமேக்கும் மூலமும் சேந்து ஒன்னு தான். இன்னொருத்தர் நல்ல கேள்வி கேட்டார், நேர்ல சொல்றேன்னு போன் பண்ணவர் சாகாம ஜம்முன்னு உக்காந்திருந்து எல்லாத்தையும் சொல்லிட்டா? அது கட்டாயம் வரும். செத்துருப்பார்னு நீங்க நெனச்சிருப்பீங்கங்கிற தெம்புல தான அந்த எழுத்தாளர் அப்படி எழுதுறார். பக்கத்துல 'தலைகீழ்'னு குறிச்சுக்கங்க.)

அஞ்சாவது: பேர்

தமிழ்ல எழுதுறவங்க இதுக்கு வெளில போக வேண்டியதே இல்ல. சங்கப் பாட்டுக்கு, அதுல என்ன சூழ்நிலை வருதுன்னு பாத்து, துறைன்னு பேர் குடுத்து வச்சிருக்காங்களே, அத ஒரு தடவ இந்தக் கண்ணோட பாருங்க. உடன்போக்கு, காதலிச்சவங்க வீட்ட விட்டு சேந்து போயிடுறது. இற்செறிப்பு, பொண்ண வெளிய விடாம வீட்டுக்குள்ளயே வைக்கிறது. அறத்தொடு நிற்றல், ஒளிச்சு வச்ச காதல உரியவங்களுக்குத் தெரிய வைக்கிறது, தோழி செவிலிக்கு (வளர்த்த தாய்), செவிலி பெத்த தாய்க்குன்னு போகும். எல்லாமே வினை. யாரோட பேரும் இல்ல. கேட்டதும் என்ன நடக்குதுன்னு ஓரளவுக்கு புரிஞ்சிடும்.

அதே ஆளுங்க தான் மாட்ட கவர்ந்துட்டுப் போறதுக்கு வெட்சின்னு பூவோட பேர வச்சாங்க. அழகு தான், ஆனா யாராவது சொல்லித் தந்தா ஒழிய புரியாது. நான் எப்பவும் உடன்போக்கு கட்சி.

நாட்டுப்புறக் கதைக்காரங்க எண் குடுக்குறாங்க. ஆர்னே 1910ல ஆரம்பிச்சு, தாம்சன் விரிவாக்கி, ஊதர் 2004ல திருத்துன அட்டவணைல சிண்ட்ரெல்லா கதைக்கு 510ஏ. நூலகத்துக்கு சரி. ஃப்ரெண்டுகிட்ட "இந்தப் படத்துல 510ஏ வருதுடி"ன்னு சொல்ல முடியுமா?

என் விதிங்க இவ்ளோதான்: ஒரு குறிப்பிட்ட கதையோட பாத்திரப் பேர வைக்காதீங்க, அந்தக் கதைய படிக்காதவங்களுக்கு உதவாது. திட்டு கலக்காதீங்க. மூனு வார்த்தைய தாண்டாதீங்க. அப்புறம் பரீட்சை, பேர மட்டும் ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு இது என்னவா இருக்கும்னு கேளுங்க. போன் காட்சிக்கு முதல்ல 'தகவல் தாமதம்'னு வச்சேன். தங்கச்சி "கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு"ன்னா. 'எட்டாச் சேதி'ன்னு மாத்துனேன். "யாரோ ஏதோ சொல்ல வர்றாங்க, வந்து சேரல, அதானக்கா?" பாஸ். சித்தப்பா 'சும்மா வந்தவர்' ஆனார்.

டிவி ட்ரோப்ஸ் தளத்துல ரெடிமேடா இருக்கேன்னு கேப்பீங்க. 2004லேந்து சேத்துட்டு இருக்காங்க, கடல் மாதிரி கிடக்கு. ஆனா சொந்தமா முப்பது அட்டை போட்டுட்டு அப்புறம் போங்க. முன்னாடியே போனா அவங்க பேர் வச்சது மட்டும் தான் உங்க கண்ணுல படும்.

ஆறாவது: சேக்குறதா, பிரிக்கிறதா

அட்டை சேரச் சேர இந்தத் தலைவலி வரும். கிழிஞ்ச கடிதமும் போன்காரர் சாவும் ஒரே பேருக்குக் கீழ போதுமா, தனித்தனியா வேணுமா? இது நமக்கு மட்டும் வர்ற கஷ்டம் இல்ல. தொல்காப்பியத்துல மாட்ட கவர்றதும் மீக்குறதும் வெட்சிக்குள்ளயே அடங்கும், பின்னாடி வந்த இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை மீக்குறத கரந்தைன்னு தனியா பிரிச்சிடுச்சு. ரெண்டுல எது சரின்னு கேட்டா பதில் இல்ல, எதுக்காகப் பிரிக்கிறோம்ங்கிறத பொறுத்தது.

நான் பாக்குறது வாசகனுக்கு என்ன ஆகுதுன்னு. கடிதம் கிழிஞ்சா நமக்கு எரிச்சல், மீதிப் பாதி எங்கயோ இருக்கும்னு ஒரு நம்பிக்க. போன் பண்ணவர் செத்தா பயம், கொலைகாரன் ஒட்டுக் கேட்டுட்டு இருக்கான்னு அர்த்தம். அதுனால 'எட்டாச் சேதி' மேல, அதுக்குக் கீழ ரெண்டு கிளை. கிளைக்கு ஆளுக்கு மூனு கதையாவது தேறலன்னா பிரிக்கவே மாட்டேன்.

என் ஷீட்ல இன்னும் பேர் கிடைக்காத வரிசை ஒன்னு இருக்கு. வீட்ட விட்டுப் போக பெட்டி அடுக்கிட்டு இருப்பாங்க, சட்டை, சட்டை, சீப்பு, அப்புறம் ஏதோ ஒரு பொருள எடுத்ததும் கை நின்னுடும். அடுத்த காட்சில பெட்டி பரண் மேல இருக்கும். ஒரு வார்த்த பேசாம மனசு மாறுனத காட்டுற வேலை. பதினொரு கதைல பாத்துட்டேன். தங்கச்சி 'கை நின்ன பொருள்'னு வைக்கச் சொல்றா, ஆனா அது பொருளோட பேரா போயிடுதே. இப்போதைக்கு அந்தக் கட்டம் காலியா தான் இருக்கு.