மலைக்குள் 19 மணி நேரம்: ஒன்சென் விடுதி பார்த்து எடுப்பது எப்படி

ஜப்பானில் மலைமேல் இருக்கிற ஒன்சென் (வெந்நீர் ஊற்று) விடுதிக்கு மதியம் 3 மணிக்குப் போய்ச் சேர்ந்தால், மறுநாள் காலை 10 மணிக்குக் கிளம்பச் சொல்வார்கள். ஆக 19 மணி நேரம். நடுவில் காலாற நடந்து ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்றால் கடை கிடையாது. கடைசி பஸ் சாயங்காலமே போயிருக்கும். சாப்பாடு பிடிக்காவிட்டால் பட்டினி, தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஜன்னல் வழியாக மரத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் விடுதி தேடும்போது போட்டோவைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். பனியில் ஆவி பறக்கும் தொட்டி எல்லா விடுதி போட்டோவிலும் அழகாகத்தான் இருக்கும்.

டோக்கியோவில் எனக்கு இது பத்தாவது வருஷம். ஊரிலிருந்து யார் வந்தாலும் "அந்த வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போடி" என்பதுதான் முதல் கேட்பு. அப்படி ஏழெட்டு முறை விடுதி எடுத்ததில் இரண்டு முறை நன்றாகச் சொதப்பினேன். கீழே சொல்வதில் பாதி அந்தச் சொதப்பல்களில் கற்றது.

முதலில் காசு. இந்த விடுதிகளின் வழக்கமான கணக்குக்கு 'இப்பாகு நிஷோகு' என்று பெயர். ஒரு ராத்திரி, இரண்டு வேளைச் சாப்பாடு. விலை அறைக்கு இல்லை, தலைக்கு. "18,000 யென்தானா, பரவாயில்லையே" என்று சந்தோஷப்பட்ட அண்ணன், நாலு பேருக்கு 72,000 என்றதும் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இதற்கு மேல் குளியல் வரி என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் ஆளுக்கு 150 யென். சனிக்கிழமை ராத்திரிக்கு விலை ஏறும், ஞாயிறு ராத்திரிக்கு இறங்கும். திங்கள் ஒரு நாள் லீவு போட முடிந்தால் அதே அறை, அதே சாப்பாடு, ஆனால் கூட்டம் பாதி. தனி ஆளாகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒருவருக்கு அறை தராத விடுதிகள் இன்னும் இருக்கின்றன, அதிலும் வார இறுதியில்.

இப்போது 'ஆல் இன்குளூசிவ்' என்ற பலகை மாட்டிய மலை விடுதிகளும் நிறைய வந்துவிட்டன. சாப்பாட்டோடு லவுஞ்சில் பீர், சாகே (அரிசி மது), காபி, ஐஸ்கிரீம் எல்லாம் அடக்கம் என்பார்கள். எது அடக்கம் என்பது விடுதிக்கு விடுதி மாறும். ராத்திரிச் சாப்பாட்டின்போது குடிப்பதும் சேர்ந்ததா, லவுஞ்சில் குடிப்பது மட்டுமா? எத்தனை மணிக்கு மூடுவார்கள்? 'காஷிகிரி' என்கிற தனிக்குளியல் அறைக்கு வேறு காசு உண்டா? இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். கூடுதல் பணத்தில் பெரும்பங்கு மதுவுக்குத்தான் போகிறது. நான் எடுத்த விடுதியில் சாதா பிளானைவிட ஆளுக்கு 8,000 யென் அதிகம். அம்மா அங்கே குடித்தது வெந்நீர், சாப்பிட்டது இரண்டு ஐஸ்கிரீம். ஒன்று 4,000 யென் என்று கணக்கு வருகிறது. அதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. குடிக்கிற கூட்டமாகப் போனால் லாபம், இல்லையென்றால் இரண்டு வேளைச் சாப்பாட்டுப் பிளானே போதும்.

அடுத்தது தண்ணீர். ஜப்பானில் 1948ஆம் ஆண்டின் ஒன்சென் சட்டப்படி, ஊற்றில் 25 டிகிரி இருந்தாலே அது ஒன்சென். அந்தச் சூடு இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட 19 பொருட்களில் ஒன்று போதிய அளவு கரைந்திருந்தால் போதும். ஆக ஒன்சென் என்ற பெயரை வைத்து அது பூமிக்குள்ளிருந்து சூடாகவே வருகிறது என்று சொல்லிவிட முடியாது. நீங்கள் தேட வேண்டிய சொல் 'கென்சென் காகெநாகாஷி'. நம்மூர் பம்ப்செட் தொட்டி மாதிரிதான். ஒரு பக்கம் புதுத் தண்ணீர் விழும், நிரம்பி மறுபக்கம் வழிந்து போய்விடும், போனது திரும்பி வராது. இதற்கு எதிர்ப்பதம் 'ஜுன்கான்': அதே தண்ணீரை வடிகட்டி, குளோரின் போட்டு, சுற்றிச் சுற்றி விடுவது. அது சுத்தமாகத்தான் இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீச்சல் குளத்து வாசனைக்காக மூன்று ரயில் மாறி மலை ஏற வேண்டுமா?

2004இல் நாகானோ பக்கம் பால் நிறத் தண்ணீருக்குப் பெயர்போன ஓர் இடத்தில், நிறத்துக்காகக் குளியல் பொடி கலந்தது வெளியே வந்து ஊரே சிரித்தது. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து தண்ணீர் கலக்கிறார்களா, சூடாக்குகிறார்களா, சுற்றி விடுகிறார்களா, ஏதாவது சேர்க்கிறார்களா என்பதை எழுதி மாட்ட வேண்டும் என்று விதி வந்தது. உடை மாற்றும் அறைச் சுவரில் அந்தத் தாள் இருக்கும். பல விடுதிகள் இணையப் பக்கத்திலும் போடுகின்றன. போன் கேமராவில் மொழிபெயர்த்துப் படித்துவிடலாம். இன்னொன்று: 'அறையிலேயே திறந்தவெளித் தொட்டி' என்று கூடுதல் காசு வாங்கும் அறைகளில், அந்தத் தொட்டிக்கு வருவது ஊற்றுநீரா, காய்ச்சிய குழாய்த் தண்ணீரா என்று கேளுங்கள். கேட்காமல் ஒரு முறை ஏமாந்தேன். குழாய் வெந்நீரில் குளிக்க எங்கள் பிளாட் போதும்.

தாளில் pH எண்ணையும் (தண்ணீர் அமிலமா, காரமா என்று காட்டுவது) பாருங்கள். 8.5க்கு மேல் என்றால் தோலில் சீயக்காய் தேய்த்த மாதிரி வழவழப்பு. யமகதாவின் சாவோ, அகிதாவின் தாமாகாவா போன்ற இடங்களில் அது 2க்கும் கீழே, நல்ல அமிலம். கண்ணில் பட்டால் எரியும், சிராய்ப்பு இருந்தால் அலற வேண்டியதுதான். வயதானவர்களோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அமிலத் தண்ணீரைச் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டில்தான் நான் சொதப்பியது. அம்மா சைவம். புக்கிங்கில் 'வெஜிடேரியன்' என்று ஆங்கிலத்தில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அவர்களும் சிரத்தையாக மாமிசத்தை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு கிண்ணம் காய்கறி வைத்தார்கள். ஆனால் அத்தனையும் 'தாஷி'யில் வெந்தது. தாஷி என்றால் கடற்பாசியும் காய்ந்த கட்சுவோ மீன் சீவலும் ஊறிய சாறு. அவர்களுக்கு அது மீன் கணக்கிலேயே வராது. அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கருவாடு மாதிரி இருக்கேடி" என்று மூடி வைத்தாள். அன்று ராத்திரி வெறும் சோறும் ஊறுகாயும். எனவே 'நிக்கு' (மாமிசம்), 'சகானா' (மீன்), 'கட்சுவோ தாஷி' மூன்றும் கூடாது, 'கொம்பு தாஷி' (வெறும் கடற்பாசிச் சாறு) பரவாயில்லை என்று பிரித்து எழுதுங்கள். ஒரு வாரம் முன்பாவது எழுதுங்கள். மலை விடுதிக்கு அவசரத்துக்குக் காய் வாங்கக் கடை இல்லை. முடியாது என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வேறு இடம் பாருங்கள். சுத்த சைவம்தான் வேண்டும் என்றால், கோயாசான் மலையில் கோயில்களே நடத்தும் தங்குமிடங்களில் 'ஷோஜின்' சாப்பாடு கிடைக்கும். அவற்றில் ஃபுகுச்சி-இன் என்ற கோயிலில் ஒன்சென்னும் உண்டு.

போய்ச் சேரும் வழி. ராத்திரிச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கு. தாமதமாகப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஸ்டேஷனிலிருந்து விடுதி வண்டி வருமா, முதல் நாளே சொல்ல வேண்டுமா என்று கேட்டு, அதற்குத் தோதாக ரயில் டிக்கெட் எடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். கார் இல்லாமல் முதல் முறை போகிறவர்களுக்கு அகிதாவின் நியூதோ ஒன்சென் பக்கத்தைத்தான் சொல்வேன். ஷின்கான்செனில் (புல்லட் ரயில்) தாசாவாகோ ஸ்டேஷன், அங்கிருந்து பஸ். ஏழு விடுதிகள், ஏழுக்கும் தனித்தனித் தண்ணீர், எதில் தங்கினாலும் மற்றவற்றில் குளிக்க அனுமதிச்சீட்டு வாங்கலாம். ஆவோமோரியின் ஆவோனி ஒன்சென்னில் அறைக்கு மண்ணெண்ணெய் விளக்கு மட்டும்தான், போன் சார்ஜ் போட பிளக் கிடையாது. அங்கே குளிர்காலத்தில் சொந்த வண்டியில் போக முடியாது. குன்மாவின் ஹோஷி ஒன்சென்னில் 1895இல் கட்டிய மரக் குளியல் கூடம். தொட்டிக்கு அடியில் உள்ள கூழாங்கற்களுக்கு இடையிலிருந்தே தண்ணீர் ஊறி, குமிழி குமிழியாக மேலே வரும். ஆனால் அது ஆண் பெண் சேர்ந்து குளிக்கும் 'கொன்யோகு'. ராத்திரியில் பெண்களுக்கு மட்டும் ஒரு நேரம் ஒதுக்குவார்கள். எந்த விடுதியானாலும் கொன்யோகு என்ற சொல் இருந்தால் பெண்கள் நேரம் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால், அறையிலிருந்து தொட்டிக்கு எத்தனை படி என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பழைய மரக் கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது. தொகுஷிமாவின் இயா ஒன்சென்னில் சுமார் 170 மீட்டர் கீழே, ஆற்றங்கரைத் தொட்டிக்கு இறங்க கேபிள் காரே வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அப்படி வைப்பதில்லை. கழிப்பறை அறைக்குள்ளா, தாழ்வாரக் கோடியிலா என்பதும் அம்மாக்கள் விஷயத்தில் பெரிய கேள்வி. இலையுதிர் காலத்தில் போனால் அறையில் ஒரு பேக்கிங் டேப் சுருள் வைத்திருப்பார்கள். அது பெட்டி கட்ட இல்லை. ஜன்னல் இடுக்கில் நுழையும் நாற்றப் பூச்சியை நசுக்காமல் ஒட்டி எடுக்க.

கடைசியாக மெட்டி. கந்தகத் தண்ணீரில் வெள்ளி இறங்கினால் கறுத்துவிடும். கொலுசு, அரைஞாண், மோதிரம் எல்லாம் அறையிலேயே கழற்றி வைப்பது நல்லது. அம்மா கொலுசைக் கழற்றினாள். "மெட்டியைக் கழற்றறதா, அப்பா உயிரோட இருக்கார்" என்று அப்படியே இறங்கினாள். பத்து நிமிஷத்தில் இரண்டு விரலிலும் கரி. ஊருக்குப் போய் விபூதி போட்டுத் தேய்த்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தாளாம். அடுத்த வருஷம் வந்தபோதும் மெட்டியைக் கழற்றவில்லை. கைப்பையில் ஒரு விபூதிப் பொட்டலம் எடுத்து வந்திருந்தாள்.