தேர்வு முடிந்த பின் தேர்ச்சி மதிப்பெண்ணைத் திருத்தும் முறை

24 பிள்ளைகள் எழுதிய 40 மதிப்பெண் தமிழ்த் தேர்வில், தேர்ச்சிக்குரிய 20 மதிப்பெண்ணை 11 பேர் மட்டுமே எட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சி மதிப்பெண்ணை 17க்கு இறக்கிவிடலாம் என்றுதான் ஆசிரியருக்கு முதலில் தோன்றும். ஆனால் அப்படி இறக்குவது, எத்தனை பேர் தேற வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற எண்ணைத் தேடுவதாகும். பிள்ளைகள் படிக்காமல் போயிருக்கலாம், நாம் சரியாகக் கற்பிக்காமல் விட்டிருக்கலாம், வினாத்தாளே பிழைபட்டிருக்கலாம். இம்மூன்றில் வினாத்தாளின் குறைக்கு மட்டுமே மதிப்பெண் திருத்தம் பொருந்தும். மற்ற இரண்டுக்கும் மீண்டும் கற்பிப்பதே வழி.

ஆகவே விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வினாவையும் தனித்தனியே ஆராயுங்கள். மொத்த மதிப்பெண்ணில் முதல் 8 இடங்களில் உள்ளவர்களில் எத்தனை பேர் அவ்வினாவுக்குச் சரியாக விடையளித்தார்கள், கடைசி 8 பேரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் போதும். மேலே 7 பேரும் கீழே 2 பேரும் சரியாக எழுதியிருந்தால் அவ்வினா தன் வேலையைச் செய்திருக்கிறது. மேலே 2 பேரும் கீழே 6 பேரும் என்றால் விடைக்குறிப்பையோ வினாவின் சொல்லமைப்பையோ சந்தேகிக்க வேண்டும்.

வேற்றுமை வினாக்களில் இது அடிக்கடி நேர்கிறது. 'அப்பா ____ வந்தார்' என்று கொடுத்து, தெரிவுகளில் 'கடைக்கு', 'கடையிலிருந்து' இரண்டையும் வைத்துவிட்டால் இரண்டுமே சரியான விடைகள்தாம். நான் கற்பித்த ஒரு வார இறுதித் துணைப்பாட வகுப்பில் இத்தகைய 2 மதிப்பெண் வினா ஒன்றை நீக்கிவிட்டு, தேர்வை 38 மதிப்பெண்ணுக்குக் கணக்கிட்டோம். நியாயமாகத்தான் செய்தோம் என்று நம்பினோம். ஆனால் அவ்வினாவுக்கு நாங்கள் எதிர்பார்த்த விடையையே எழுதி 40க்கு 20 பெற்றிருந்த ஒரு மாணவர் 38க்கு 18 என்று இறங்கி, 19 என்ற புதிய எல்லைக்குக் கீழே போய்விட்டார். "டீச்சர், தேறியிருந்த பிள்ளை எப்படித் தோற்றான்?" என்று அவருடைய தாயார் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் விதி, இரண்டு விடைகள் பொருந்தினால் இரண்டுக்கும் மதிப்பெண் தருவது. எவ்விடையும் பொருந்தாவிட்டால் அனைவருக்கும் முழு மதிப்பெண் தருவது. இவ்வழியில் எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணும் குறைவதில்லை.

பிழையான வினாக்களைச் சரிசெய்த பிறகும் தாள் மிகக் கடினமாக இருந்ததாகத் தோன்றினால், அதை உணர்வால் முடிவு செய்யாமல் அமெரிக்கத் தேர்வியல் அறிஞர் வில்லியம் ஆங்கோஃப் 1971இல் விவரித்த முறையைப் பயன்படுத்தலாம். முடிவுகளைப் பார்க்காத சக ஆசிரியர்கள் நால்வரையோ ஐவரையோ அழைத்து, தேர்ச்சியை அரும்பாடுபட்டு எட்டும் ஒரு பிள்ளையை மனத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அப்பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும், எதில் தடுமாறும் என்று முதலில் கூடிப் பேசி ஒத்த கருத்துக்கு வருவது இன்றியமையாதது. இதைத் தவிர்த்தால் ஒவ்வொருவரும் வெவ்வேறு பிள்ளையை எண்ணி மதிப்பிடுவார்கள். பிறகு ஒவ்வொரு வினாவிலும் அப்பிள்ளை எத்தனை மதிப்பெண் பெறக்கூடும் என்று தனித்தனியே எழுதச் செய்து, ஒவ்வோர் ஆசிரியரின் மொத்தத்தையும் கூட்டிச் சராசரி காண வேண்டும். ஐவரின் மொத்தங்கள் 17, 18, 18, 16, 19 என்றால் சராசரி 17.6. எனவே 17 பெற்றவர் அதை எட்டவில்லை, 18 பெற்றவர் எட்டிவிட்டார். புதிய தேர்ச்சி மதிப்பெண் 18. அனைவருக்கும் முழு மதிப்பெண் தந்த வினா ஏதேனும் இருந்தால், இக்கணக்கிலும் அதற்கு முழு மதிப்பெண்ணே இட வேண்டும். இல்லையேல் ஒரே குறைக்கு இருமுறை சலுகை தந்ததாகிவிடும். சராசரி 21 என்று வந்தாலும் எல்லையை 20க்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகள் 20 என்ற வாக்கை நம்பித்தான் தேர்வெழுத வந்தார்கள்.

அறிக்கையில் 50 விழுக்காடே தேர்ச்சி என்று அச்சிட்டிருந்தால், எல்லையை 18க்கு இறக்குவதற்குப் பதிலாக அனைவருக்கும் 2 மதிப்பெண் கூட்டி, 40ஐத் தாண்டாமல் நிறுத்திக்கொள்ளலாம். சிலர் பரிந்துரைக்கும் வர்க்கமூல முறையை நான் ஏற்பதில்லை. விழுக்காட்டின் வர்க்கமூலத்தைப் பத்தால் பெருக்கும் அம்முறையில் 64 என்பது 80 ஆகும். 25 என்பது 50 ஆகும். அதாவது 40க்கு 10 பெற்றவரும் தேறிவிடுவார். அவருக்குத் தேவையான உதவி அதனால் மறைந்துபோகும்.

'பெல் கர்வ்' போடலாமே, அதாவது பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுத் தரம் பிரிக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 24 பேர் கொண்ட வகுப்பு அதற்குப் போதாது. மேலும் ஒரு பிள்ளையின் தேர்ச்சி பக்கத்து இருக்கையில் இருப்பவரின் திறமையைப் பொறுத்ததாகிவிடும். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வே 2021இல், பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுக் கணக்கிடும் டி-ஸ்கோரைக் கைவிட்டு, அடைவுநிலைகளுக்கு மாறியது. இன்று வழக்கமான நிலைப் பாடத்தில் 90 அல்லது அதற்கு மேல் பெறும் பிள்ளை, மற்றவர்கள் எவ்வளவு பெற்றிருந்தாலும் முதல் அடைவுநிலையைப் பெறுகிறது.

எல்லைக்கு ஓரிரு மதிப்பெண் கீழே நிற்பவர்களின் கட்டுரைகளையும் கருத்தறிதல் விடைகளையும் மற்றோர் ஆசிரியர் பெயர் பாராமல் மீண்டும் திருத்தட்டும். முடிவானதும் பெற்றோருக்குச் செல்லும் கடிதத்தில் எந்த வினாவில் என்ன குறை இருந்தது, தேர்ச்சி மதிப்பெண் எதிலிருந்து எதற்கு மாறியது, யார் யார் கூடி முடிவெடுத்தார்கள் என்பவற்றை அரைப்பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் வரக்கூடாது. ஆசிரியர்களின் மதிப்பீட்டுத் தாள்களை அக்கடிதத்தின் நகலோடு கோப்பில் சேர்த்து, பிழைபட்ட வினாவை அன்றே வினா வங்கியில் திருத்திவிடுங்கள்.