பலகை இல்லாத மலைப்பாதையில் கைபேசி பேட்டரியைக் காப்பது
அடையாளப் பலகைகள் சரிவர இல்லாத மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டப் புறப்படுமுன், அப்பகுதியின் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச வரைபடம்) வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, ஜிபிஎஸ் உங்கள் இடத்தைக் காட்டியதும் செல்லும் வழியைக் கோடாகப் பதியும் தடப்பதிவைத் தொடங்கி, அதன்பின் ஃபிளைட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெறுவதோடு சரி, அதற்குக் கைபேசிக் கோபுர இணைப்பு தேவையில்லை. சிக்னல் நலிந்த சரிவுகளில் கைபேசி ஓயாமல் கோபுரத்தைத் தேடுவதுதான் பேட்டரியைக் கரைக்கிறது. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள், ஏனெனில் இணையம் இருக்கையில் சில விநாடிகளில் கிடைக்கும் முதல் இடக்குறிப்பு, இணையம் இல்லாதபோது பல நிமிடங்கள்கூட இழுக்கலாம்.

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களைப் போல, பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் ஒற்றையடிப் பாதைகள் அடிக்கடி பிரியும் இடங்களில், வந்த தடம் திரையில் கோடாகத் தெரிவதே திரும்பி வரப் போதுமானது. ஆனால் அடர்ந்த சோலைக்காட்டிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் அக்கோடு பல மீட்டர் விலகக்கூடும். அருகருகே செல்லும் இரு பாதைகளுள் எது சரியென்று அதைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. ஃபிளைட் மோடில் அழைப்புகள் வராது என்பதால், தனியாகச் செல்பவரும், வீட்டிலிருந்து அழைப்பை எதிர்பார்ப்பவரும் இம்முறையைத் தவிர்ப்பது நல்லது.