பாழ்பட்ட கொல்லையைக் குடும்பத் தோட்டமாக்குவது எப்படி?

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீட்டின் பின்கட்டுக் கதவைத் திறந்தால், பெரும்பாலும் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் இடிந்த சுவரின் காரைக் குவியலும்தான் எதிர்ப்படும். ஜேசிபியை அழைத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்துவிடத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள்.

முதற்படி, எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்வது. வேம்பு, பழைய நாட்டு மா, கிணற்றடிப் பவழமல்லி ஆகியவற்றில் ஒன்று பிழைத்திருந்தாலும், பதினைந்து ஆண்டு வளர்ச்சி உங்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது என்று பொருள். அவற்றில் காய்ந்த கிளைகளை மட்டும் கழியுங்கள்.

அடுத்து, சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் என்பதால், சுற்றிலும் மண்ணைப் பறித்துத் தூரோடு எடுக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை அணிந்து பிடுங்குங்கள். வெறுங்கையால் பிடுங்கிப் பல நாள் அரிப்போடு திரிந்தவர்கள் உண்டு.

மூன்றாவது படியை நான் அலட்சியப்படுத்தியதால் ஓர் எலுமிச்சையை இழந்தேன். நட்ட அடுத்த ஆண்டே, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலைகள் முழுவதும் வெளுத்து மஞ்சளாயின. எருவும் தண்ணீரும் கூட்டிப் பார்த்தும் பயனில்லாமல் போகவே, தோண்டிப் பார்த்தேன். ஒரு முழ ஆழத்தில் பழைய சுண்ணாம்புக் காரை கட்டி கட்டியாகக் கிடந்தது. செட்டிநாட்டுச் சுவர்கள் சுண்ணாம்பால் கட்டப்பட்டவை. அவை இடிந்து விழுந்த இடத்தில் மண்ணின் காரத்தன்மை ஏறி, செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகிறது. ஆகவே நடப்போகும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிடி மண்ணை எடுத்து வினிகர் சில துளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அங்கே எலுமிச்சை வேண்டாம், மாதுளையோ முருங்கையோ தாங்கும்.

தண்ணீருக்குப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. வளவின், அதாவது வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியின், ஓட்டுக்கூரையிலிருந்து வழியும் மழைநீரைச் சேர்த்துக் கிணற்றுக்கு விடும் ஏற்பாடு பல வீடுகளில் ஏற்கெனவே உண்டு. அடைப்பை நீக்கினால் போதும். பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடலாம்.

ஆவணியில் மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி ஆறப்போடுங்கள். மேல்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய சாணமும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, ஐப்பசி மழை மண்ணை நனைத்தபின் நடுங்கள். ஒட்டு மாவின் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேல் நிற்க வேண்டும். அதற்குக் கீழே வரும் தளிரைக் கிள்ளிவிட வேண்டும். மாவுக்குச் சுவரிலிருந்து பதினைந்தடியாவது தள்ளி இடம் கொடுங்கள். அது நிழல் தரும் வரை நடுவில் வாழையும் பப்பாளியும் நின்றால், தோட்டம் முதல் ஆண்டிலேயே வெறிச்சோடித் தோன்றாது.

முதல் இரண்டு கோடைகளையும் தாண்டவைப்பதுதான் உண்மையான வேலை. மூடாக்குப் போடும்போது, செம்மண்ணில் கறையான் மிகுதி என்பதால், தண்டிலிருந்து அரையடி விட்டே சருகைப் பரப்புங்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் ஒட்டு மா பூத்தாலும், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும், பூங்கொத்தை ஒடித்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் கிளைக்கு நான்கு காய் விட்டால் தாங்கும்.