காற்றடைத்த படகில் வடிகால் துளை: கத்தியை எடுக்கும் முன் நடக்கும் தவறுகள்

சின்னக் காற்றடைத்த படகில் தண்ணீர் சேராமல் இருக்காது. ஏறும்போது காலோடு வருவது, துடுப்பிலிருந்து வழிவது, பக்கத்தில் தெறிப்பது எல்லாம் கூடி, உட்காரும் இடத்திலேயே குளம் கட்டிவிடும். அடியில் நாலு ஓட்டை போட்டால் வடிந்துவிடுமே என்று தோன்றுவது இயல்புதான். பல படகுகள் அந்த யோசனையிலேயே கெட்டுவிடுகின்றன.

ஓட்டைக்குத் திசை தெரியாது. உள்ளே நிற்கும் நீர், வெளி நீர்மட்டத்தைவிட உயரமாக இருந்தால் வெளியே போகும். தாழ்வாக இருந்தால் அதே வழியாக ஆறு உள்ளே வரும். ஒற்றைத் துணியே அடித்தளமாக உள்ள படகில், தளம் எப்போதும் வெளி மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அதில் வடிகால் என்ற பேச்சுக்கே இடமில்லை.

1980களில் ராஃப்டிங்கில், அதாவது வேகமான ஆற்றுநீரில் காற்றடைத்த படகு ஓட்டும் விளையாட்டில், பரவிய தானாக வடியும் படகுகள் வேறு வகை. அவற்றில் தடிமனான காற்றுத்தளம் ஒன்று இருக்கும். அதன் மேல்பரப்பு வெளி நீர்மட்டத்துக்கு மேலே நிற்பதால், ஓரத்துத் துளைகள் வழியே தண்ணீர் தானாக இறங்கிவிடுகிறது. உங்கள் படகில் அப்படி ஒரு தளம் இருக்கிறதா, போதுமான உயரமா என்பதுதான் முதல் கேள்வி.

கணக்கு எளிது. 2.5 மீட்டர் நீளமும் 0.7 மீட்டர் அகலமும் உள்ள தளத்தின் பரப்பு 1.75 சதுர மீட்டர். தளம் மட்டுமே தாங்குவதாக வைத்துக்கொண்டால், 100 கிலோ ஏறினால் சுமார் 6 செ.மீ. அமிழும்; 180 கிலோ ஏறினால் 10 செ.மீ. தாண்டிவிடும். பக்க ட்யூப்களும் கைகொடுப்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனால் 10 செ.மீ. தடிமன் தளத்தில் ஒருவர் உலர்ந்தும் இருவர் நனைந்தும் போவது ஏன் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

பலர் கணக்கில் விடுவது இன்னொன்று. துளை இல்லாத படகில், ட்யூப்களுக்கு நடுவே அடித்துணிக்கு மேலே இருக்கும் வெற்றிடமும் படகைத் தாங்குகிறது. துளை விழுந்ததும் அங்கே தண்ணீர் புகுந்து அந்தத் தாங்கல் போய்விடும். படகு முன்பைவிடத் தாழ்ந்து மிதக்கும். தயாரிப்பாளர் அச்சிட்ட பார அளவை அதன்பின் நம்ப முடியாது. உத்தரவாதமும் பெரும்பாலும் செல்லாது.

இதை வெட்டாமலே சோதிக்கலாம். அமைதியான, ஆழமில்லாத நீரில் உயிர்காப்பு உடையோடு முழுப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு, உள்மட்டமும் வெளிமட்டமும் சமமாகும்வரை வாளி வாளியாக உள்ளே ஊற்றுங்கள். இரண்டு ட்யூப்களுக்கும் குறுக்கே நேரான குச்சி ஒன்றை வைத்து, அதிலிருந்து உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் வரை அளந்தால் சமம் தெரியும். துளை போட்ட பின் படகு இருக்கப்போகும் நிலை அதுதான். அப்போது தளம் தண்ணீருக்குள் இருந்தால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீரை ஒற்றி எடுக்க ஒரு ஸ்பாஞ்சும், இறைக்க ஒரு கைப்பம்பும் போதும். அலையில்லாத ஏரியில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு என் பரிந்துரை எப்படியும் அதுதான்.

சோதனையில் தேறிவிட்டதா? அடுத்த தவறு, ஒரே ஒரு சின்னத் துளையோடு நிற்பது. 5 செ.மீ. நீர் நிற்கும்போது 25 மி.மீ. துளை வழியே நொடிக்குச் சுமார் 0.3 லிட்டர்தான் போகும். மட்டம் இறங்க இறங்க அதுவும் மெதுவாகும். 50 லிட்டர் வடிய மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் வேகம் நான்கு மடங்கு. இடம் என்று பார்த்தால், தளமும் ட்யூபும் சந்திக்கும் ஓரம்தான் சரி, அதிலும் எடை அதிகம் விழும் பின்பக்கம். ஆனால் தையல் பட்டையைத் தொடாமல் தள்ளி இருக்க வேண்டும்.

வெட்ட வேண்டியது அடித்துணியை மட்டும். டிராப் ஸ்டிட்ச் என்ற வகைக் காற்றுத்தளத்துக்குள் ஆயிரக்கணக்கான நூல்கள் மேலும் கீழும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதைத் துளைத்தால் காற்றறையே ஓட்டை. கழற்ற முடிந்த தளத்தைக் கழற்றிவிட்டு, ட்யூப்களின் காற்றை இறக்கி, துணிக்கு அடியில் பலகை வைத்து வெட்டுங்கள். துளை வட்டமாக இருக்கட்டும். மூலை இருந்தால் அங்கிருந்தே கிழியும். முதலில் துளையைவிட நாலா பக்கமும் சில செ.மீ. பெரிய ஒட்டுத்துணியை ஒட்டி, பசை முழுக்க இறுகிய பிறகு இரண்டையும் சேர்த்துப் பஞ்ச் செய்வதே சரியான வரிசை. துளையின் விளிம்பில் மாட்டும் உலோக வளையம் (ஐலெட்) வேண்டாம். படகைச் சுருட்டும்போது ட்யூபை உராய்ந்தே தேய்த்துவிடும்.

பசையில் அவசரம் உதவாது. பிவிசி துணிக்கு இரண்டு பாகப் பாலியூரித்தேன் பசை. ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் பூசிய துணிக்கு அதற்கென்றே உள்ள நியோப்ரீன் பசை. ஒன்றுக்கு உரியது மற்றதில் சரியாகப் பிடிக்காமல் போகலாம். சிலிக்கான் தடவிச் சமாளிப்பதுதான் இருப்பதிலேயே மோசம்: அது சரியாக ஒட்டுவதும் இல்லை, பின்னால் வரும் நல்ல பசையையும் ஒட்ட விடுவதில்லை. துடைக்கும் கரைப்பான்கள் தீப்பற்றக்கூடியவை, ஆவி கெடுதல்; காற்றோட்டமான இடத்தில் கையுறையோடு வேலை செய்யுங்கள்.

மோட்டார் மாட்டும் மரப் பின்பலகை உள்ள படகுகளில் துணியைத் தொடாமல் பலகையிலேயே அடைப்பானோடு துளை போடலாம். ஓடும்போது திறந்தால் வடியும், நின்றதும் மூட வேண்டும். ஒருவழி வால்வு வைத்தாலும் அதன் மடிப்பில் ஒரு இலைத் துணுக்கு சிக்கினால் தண்ணீர் திரும்பி வரும், எனவே அடைப்பானும் கையோடு இருக்கட்டும். துளையின் உட்சுவரில் தெரியும் பூச்சில்லாத மரத்துக்கு எப்பாக்ஸி பூசாமல் விட்டால் ப்ளைவுட் உள்ளிருந்தே ஊறி அழுகும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருப்பதால் நெடுநாள் தெரியவும் தெரியாது.

துளை போட்ட படகில் தளத்துக்கும் அடித்துணிக்கும் நடுவே மணல் புகுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் அலசி, முழுக்கக் காயவிட்டே சுருட்டுங்கள்.