காவோலைச் சத்தத்திலிருந்து தொடங்குங்கள்

பாழடைந்த மாளிகையும் மர்மமும் நிறைந்த மேலைநாட்டுத் திகில் கதையான கோதிக் கதையில் அச்சம் எப்படி உருவாகிறது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் முதல் நாள் புத்தகத்தைத் திறக்கவே கூடாது. ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு வாசிப்பு வட்டம். ஆடியில், கச்சான் என்னும் மேல்காற்று வீசும் நாளாகப் பார்த்து, அவர்களைக் கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்காரச் சொல்வேன். பள்ளிக்குப் பின்னால் பனங்காடு. பச்சை ஓலை உரசும் சத்தம் வேறு, காய்ந்து தொங்கும் காவோலை மரத்தில் மோதும் சத்தம் வேறு. பிறந்ததிலிருந்து கேட்டுவரும் சத்தம் என்பதால் யாருக்கும் பயம் கிடையாது. பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: “இதே சத்தம், காற்றே இல்லாத இரவில் கேட்டால்?” வகுப்பு அடங்கிவிடும்.

அந்த அமைதியைக் கலைக்காமல் கரும்பலகைக்குப் போங்கள். முதல், கரு, உரி என்று திணைப் பாடத்தில் மனப்பாடம் செய்ததைத்தான் இப்போது எடுக்க வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே உள்ள பறவை, மரம், விலங்கு எல்லாம் கருப்பொருள். இவை சுமந்துவரும் உணர்வு உரிப்பொருள். நெய்தலுக்குக் கடற்கரை, பொழுது சாயும் எற்பாடு, இரங்கல். கோதிக்குக்குப் பாழடைந்த மாளிகை, புயல் இரவு, அணையப்போகும் மெழுகுவர்த்தி, பூட்டிய அறை, அச்சம். இரண்டையும் அருகருகே எழுதினால், தேர்வுக்காகப் படித்தது கதை எழுதவும் உதவும் என்று பிள்ளைகளின் முகத்தில் தெரியும். எனக்கு அது மிகவும் பிடித்த நிமிடம்.

தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கைச் சொல்கிறது. அணங்கு என்றால் வருத்தும் தெய்வம், இறை என்றால் அரசன். கோதிக் வகையின் முதல் நாவலாகப் பொதுவாகக் கருதப்படும் ‘ஒட்ரான்டோ கோட்டை’யை ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்டார். அதில் ராட்சதத் தலைக்கவசம் ஒன்று விழுந்து, மணநாளன்றே மணமகனை நசுக்கிக் கொல்கிறது. ஆனால் மணப்பெண் சுரங்க வழியில் ஓடுவது அந்தத் தலைக்கவசத்துக்குப் பயந்தல்ல. இறந்தவனின் தந்தையான கோட்டைத் தலைவனுக்குப் பயந்து. நான்கில் எது இங்கே கொடியது என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். பதில் அவர்களிடமிருந்து வரட்டும்.

அடுத்த வாரம் வாசிப்பு. எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’யின் தொடக்கப் பக்கங்களைத் தமிழில் எளிதாகச் சொல்லி, வரிக்கு வரி நிறுத்துகிறேன். இலையுதிர்காலத்து மங்கிய நாள். தாழ்ந்து தொங்கும் மேகம். குதிரையில் தனியே வருகிறான் ஒருவன். மாளிகையின் ஜன்னல்கள் வெறித்த கண்களைப்போல் இருக்கின்றன. கரிய நீர்நிலையில் அதன் பிம்பம். கூரையிலிருந்து கீழே இறங்கும், கண்ணுக்கு எட்டியும் எட்டாத ஒரு விரிசல். இதுவரை பேய் எங்கே? இல்லை. பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன்: மேகத்தை எடுத்துவிட்டு வெயில் வையுங்கள், துணைக்கு ஒரு தம்பியைக் குதிரையில் ஏற்றுங்கள். தம்பி ஏறியதும் அச்சம் பாதியாகிவிட்டது என்றான் ஒரு பையன். ‘தனியே’ என்ற ஒரு சொல் எவ்வளவு தாங்கிக்கொண்டிருந்தது என்பதை அதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

எழுத வைக்கும்போது பயம், பேய், திகில், இருட்டு ஆகிய நான்கு சொற்களுக்கும் தடை. அதோடு, தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதைக் காட்டுங்கள். அச்சம் எழுதுபவருக்கு அது பெரிய கொடை. “அறைக்குள் யாரோ இருமினார்கள், அவள் நடுங்கினாள்” என்று ஒரு மாணவி எழுதினாள். சேர்ந்து திருத்தினோம்: “அப்பா இறந்த மறுநாள் பூட்டி, சாவியைக் கிணற்றில் போட்ட அந்த அறைக்குள், யாரோ மெல்ல இருமினார்கள்.” நடுக்கத்தை அடித்துவிட்டோம், அது வாசிப்பவருடைய வேலை. ‘கதவைத் திறந்தான்’ என்பதற்கும் ‘கதவு திறந்திருந்தது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு முழு வகுப்பே ஒதுக்கலாம். பின்னதில் செயலின் மிச்சம் மட்டும் இருக்கிறது, செய்தவர் இல்லை. சலசல, கிரீச் போன்ற ஒலிச்சொற்களைப் பக்கத்துக்கு ஒன்றோடு நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தை வைத்துத் திகில் கதை எழுதும்படி ஒருமுறை சொல்லிவிட்டேன். ஒரு பெண் வெற்றுத்தாளைக் கொடுத்தாள். 1964 டிசம்பர் புயலில் அவளுடைய அப்பத்தா தன் தம்பியை இழந்தவர். பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் கொண்டுபோன இரவு அது. இந்தக் கரையில் பல வீடுகளுக்கு அது இன்னும் துக்கம். அந்தச் சுவர்களுக்கு உரிய உரிப்பொருள் இரங்கல்தான். அதை அச்சமாக மாற்ற எனக்கு உரிமை இல்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு எங்கள் கதைகளுக்கு ஊர் கற்பனை, வீடு கற்பனை. காற்றும் பனையும் உப்பும் மட்டும் எங்களுடையவை.

மதிப்பெண்ணும் நான் போடுவதில்லை. எழுதியதை விளக்கு வைத்த பிறகு வீட்டில் உரக்க வாசிக்க வேண்டும். கருவாடு ஆய்ந்துகொண்டோ வலையைப் பொத்திக்கொண்டோ கேட்பவர்களின் கை எந்த வரியில் நின்றது என்று பார்த்து, அந்த வரிக்குக் கீழே கோடிட்டுத் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும்.